பின்னுக்கு இருப்பவரோடு கதைக்க: மலிவான ஹெல்மெற் இன்ரர்கொம் தெரிவு செய்வது எப்படி?

பாரிஸில் கிழமை நாட்களில் கடைசி மெற்றோ இரவு 1.15 அளவில் ஓய்ந்துவிடும். உணவகச் சமையலறையிலும் அலுவலகத் துப்புரவிலும் இருப்பவர்களுக்கு அந்த நேரம் ஒத்துவருவதில்லை. அதனால்தான் எம்மவர் பலர் 125 சீ.சீ. ஸ்கூட்டருக்கு மாறினார்கள். கார் லைசன்ஸ் எடுத்து இரண்டு வருடம் முடிந்தவர், ஏழு மணித்தியாலப் பயிற்சியோடு அதை ஓட்டலாம் என்பது பிரான்சின் சட்டம். நாங்களும் அப்படித்தான் மாறினோம். இருவரும் வெவ்வேறு இடத்தில் வேலை முடித்து, ஒரே ஸ்கூட்டரில் புறநகருக்குத் திரும்புவோம்.

ஒரு மாசி மாத இரவு, நெடுஞ்சாலையில் வரும்போது பின்னுக்கு இருந்தவர் நித்திரையாகிவிட்டார். அவருடைய ஹெல்மெற் முன்னால் இருந்தவரின் முதுகில் வந்து மோதியபோதுதான் அது தெரிந்தது. கையைப் பின்னால் விட்டுப் பிடித்துக்கொண்டு, அடுத்த வெளியேறும் வழி வரை மெதுவாக ஓட்டிவந்து நிறுத்தினோம். அதுவரை இன்ரர்கொம் என்பது கோடை விடுமுறையில் மலைப்பாதைக்குப் போகும் வெள்ளைக்காரரின் விளையாட்டுச் சாமான் என்றே நினைத்திருந்தோம். அடுத்த கிழமையே தேடத் தொடங்கினோம். தேடியதில், பிழையாக வாங்கியதில், பிறகு சரியாக வாங்கியதில் அறிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

முதலில் எங்களுக்கு வந்த யோசனை, காசு செலவில்லாத யோசனை. ஆளுக்கொரு இயர்போனைக் காதில் செருகி, வட்ஸ்அப்பில் ஒருவரை ஒருவர் அழைத்துவிட்டு ஓடலாம் என்பது. இதைச் செய்யாதீர்கள். பிரான்சில் 2015 ஜூலை 1 முதல், வாகனம் ஓட்டுபவர் காதில் ஒலி தரும் எந்தக் கருவியையும் வைத்திருக்கக் கூடாது. ஒரு காதில் மட்டும் என்றாலும் குற்றமே. தண்டம் 135 யூரோ, லைசன்சில் மூன்று புள்ளியும் போகும். ஹெல்மெற்றின் உட்புறத்தில், காதைத் தொடாமல் பொருத்தப்படும் ஸ்பீக்கர் இந்தத் தடைக்குள் வராது. இன்ரர்கொம்முக்கும் இயர்போனுக்கும் சட்டம் பார்க்கும் வித்தியாசம் இதுதான். பிரித்தானியாவில் ஹெல்மெற் இன்ரர்கொம்முக்குத் தடையில்லை. ஜேர்மனியில், ஓட்டுபவரின் காது வெளிச்சத்தங்களுக்கு அடைபடாமல் இருக்கவேண்டும் என்பதே விதி. எனவே சத்த அளவைக் கவனிக்கவேண்டும். விடுமுறைக்கு ஸ்பெயின் போகிறவர்கள், அங்கே 2022 மார்ச்சில் சட்டம் திருத்தப்பட்டே ஹெல்மெற்றில் பொருத்தும் கம்பியில்லாக் கருவிகள் தெளிவாக அனுமதிக்கப்பட்டன என்பதையும், அவை அங்கீகரிக்கப்பட்டவையாக இருக்கவேண்டும் என்பதையும் மனதில் வைத்திருங்கள்.

இனிக் கடைக்குப் போவோம்.

பெட்டியின் முகப்பில் பெரிய எழுத்தில் இருப்பது தூரம். 500 மீற்றர், 800 மீற்றர், 1,200 மீற்றர் என்று போட்டிருப்பார்கள். விலையும் பெரும்பாலும் அந்தத் தூரத்தோடு சேர்ந்து ஏறும். வெட்டவெளியில், ஒருவரை ஒருவர் நேராகப் பார்க்கும் நிலையில் அளந்த கணக்கு அது. கட்டடமும் வளைவும் வந்தால் பாதிகூடத் தேறாது. ஆனால் உங்களுக்கு இந்தச் சண்டையே வேண்டாம். ஓட்டுபவரின் ஹெல்மெற்றுக்கும் பின்னுக்கு இருப்பவரின் ஹெல்மெற்றுக்கும் இடையில் இருப்பது ஒரு சாண். இரண்டு மோட்டார் சைக்கிளில் போகிறவர்களுக்கான வசதிக்கு, ஒன்றில் போகிற நாங்கள் ஏன் காசு கொடுக்கவேண்டும்? மிக மலிவான புளூடூத் கருவிகூட ஒரு சாண் தூரத்தைத் தாண்டும்.

‘மெஷ்’ என்று சொல்லப்படுவதும் அப்படித்தான். அது பத்துப் பேர், பதினைந்து பேர் கூட்டமாக ஓடும்போது, ஒருவர் பின்தங்கினாலும் மற்றவர்களின் தொடர்பு அறாமல், திரும்பி வந்ததும் தானாகச் சேர்த்துக்கொள்ளும் வலையமைப்பு. நல்ல தொழில்நுட்பம்தான், சந்தேகமில்லை. கார்டோ, சேனா போன்ற பெரிய கொம்பனிகளின் மெஷ் கருவி ஒன்றே 300 யூரோவைத் தொடும், தாண்டும். சோடியாக வாங்கினால் எங்களிடம் இருக்கும் பழைய ஸ்கூட்டரின் விலையில் பாதி. இருவர் மட்டும் கதைக்க அது தேவையே இல்லை.

நாங்கள் பார்த்த அளவில், மலிவுப் பக்கத்தில் இரண்டு படிகள் உண்டு. பிரீட்கொன், லெக்சின், பொட்ஸ்போர்ட்ஸ் போன்ற சீனப் பெயர்களில் சோடி ஒன்று ஏறக்குறைய 80 முதல் 130 யூரோவுக்குள் கிடைக்கும். கார்டோ, சேனா, இத்தாலியின் மிட்லன்ட் ஆகியவற்றின் ஆரம்பநிலைக் கருவிகள் சோடியாக 150 முதல் 200 யூரோ வரை வரும். சோடியாக வாங்குவது தனித்தனியே வாங்குவதைவிட மலிவு. பெட்டியிலிருந்து எடுக்கும்போதே ஒன்றோடொன்று இணைத்து வந்திருக்கும் என்பது இன்னொரு வசதி. 50 யூரோவுக்குச் சோடி என்று வருவதைத் தொடவேண்டாம் என்பதே எங்கள் அபிப்பிராயம். நாங்கள் முதலில் வாங்கியது அதுதான். மணிக்கு 40 கிலோமீற்றர் வரை நன்றாகக் கேட்டது. அதற்கு மேலே ‘என்ன? என்ன?’ என்று இருவரும் மாறி மாறிக் கத்தியதுதான் மிச்சம்.

ஏன் அப்படி என்பதை விளங்கிக்கொண்டால் தெரிவு இலேசாகும். மோட்டார் சைக்கிளில் காதை அடைப்பது எஞ்சின் சத்தமல்ல, காற்று. வேகம் கூடக் கூட ஹெல்மெற்றின் கீழ் விளிம்பைச் சுற்றி காற்று சுழன்று இரைகிறது. மணிக்கு 100 கிலோமீற்றரில் உள்ளே 95 டெசிபலுக்கு மேலும் போகலாம். தொழிற்சாலைகளில் 85 டெசிபலில் எட்டு மணித்தியாலம் இருந்தாலே காதுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பார்கள். இந்த இரைச்சலுக்குள் ஒரு மனிதக் குரல் புகவேண்டும். ஆக, நீங்கள் காசு கொடுக்கவேண்டியது இரண்டு விடயத்துக்கு: காற்றை விலக்கிக் குரலை மட்டும் எடுக்கும் மைக், காதுக்கு நேரே போதிய சத்தம் தரும் ஸ்பீக்கர். பெட்டியில் சின்ன எழுத்தில் இருக்கும் இந்த இரண்டும்தான் இன்ரர்கொம். மற்றதெல்லாம் அலங்காரம்.

மைக் இரண்டு வகை. முழுமுகம் மூடும் ஹெல்மெற்றுக்கு, தாடைப் பகுதியின் உட்புறத்தில் ஒட்டும் சின்னப் பொத்தான் போன்ற வயர் மைக். முன்பக்கம் திறந்த ஜெற் ஹெல்மெற்றுக்கும் தாடையைத் தூக்கக்கூடிய ஹெல்மெற்றுக்கும், வளைத்து வாய்க்கு முன் நிறுத்தும் தண்டு மைக். ஓட்டுபவருக்கு முழுமுகம், பின்னுக்கு இருப்பவருக்கு ஜெற் என்று வைத்திருக்கும் குடும்பங்கள் எம்மிடையே அதிகம். அப்படியானால் இரண்டு வகை மைக்கும் பெட்டிக்குள் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இன்னொன்றையும் சொல்லவேண்டும்: ஜெற் ஹெல்மெற்றில் எந்த விலைக் கருவியும் நெடுஞ்சாலையில் திணறும். மைக்கில் நேரடியாகக் காற்று அடிப்பதை எந்த மென்பொருளாலும் முழுதாக அழிக்க முடியாது. 100 யூரோவை இன்ரர்கொம்முக்குக் கொடுப்பதா, பின்னுக்கு இருப்பவருக்கு ஒரு நல்ல முழுமுக ஹெல்மெற் வாங்குவதா என்று கேட்டால், முதலில் ஹெல்மெற் என்போம். பாதுகாப்புக்கும் அதுவே, கதை கேட்பதற்கும் அதுவே.

மைக்கின் மேலிருக்கும் ஸ்பொஞ் உறையைக் கழற்றாதீர்கள். காற்றை உடைப்பது அதுதான். தண்டு மைக்கில் ஒரு பக்கத்தில் அம்புக்குறியோ புள்ளியோ இருக்கும், அந்தப் பக்கம் உதட்டைப் பார்க்கவேண்டும். நாங்கள் இரண்டு மாதம் அதைத் திருப்பிப் போட்டுவிட்டு கருவியைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

ஸ்பீக்கர் பொருத்துவதில்தான் பெரும்பாலானோர் பிழைவிடுகிறார்கள். ஹெல்மெற்றின் உள் மெத்தையைக் கழற்றினால், காது வரும் இடத்தில் ஒரு வட்டப் பள்ளம் தெரியும். இப்போது வரும் ஹெல்மெற்றுகள் பலவற்றில் அது ஸ்பீக்கருக்கென்றே விடப்பட்டது. பொதுவாக ஸ்பீக்கர் 40 மில்லிமீற்றர் விட்டம் கொண்டது. பள்ளம் அதைவிடச் சிறிதாக இருந்தால் காது நசுங்கி அரை மணித்தியாலத்தில் நோகத் தொடங்கும். வாங்க முதல் ஓர் அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். பள்ளம் ஆழமாக இருந்தால் எதிர்ப் பிரச்சினை. ஸ்பீக்கர் காதிலிருந்து தள்ளிப்போய்விடும், ஒரு சென்ரிமீற்றர் விலகினாலே சத்தம் கணிசமாகக் குறையும். பெட்டியோடு வரும் மெத்தைத் துண்டை ஸ்பீக்கருக்குப் பின்னால் வைத்து முன்னுக்குக் கொண்டுவாருங்கள். மேலே கீழே நகர்த்தி, காதின் துவாரத்துக்கு நேரே வரும்படி ஒட்டுங்கள். வெல்குரோ என்பதால் பத்துத் தடவை மாற்றலாம். ஒருவர் ஹெல்மெற்றைப் போட்டு வெளியிலிருந்து இரண்டு கையாலும் பக்கங்களை அமுக்கிப் பார்க்கட்டும். அமுக்கும்போது சத்தம் திடீரெனக் கூடினால் ஸ்பீக்கர் இன்னும் தள்ளியிருக்கிறது.

இடம் போதாது என்று உள்ளே இருக்கும் வெள்ளை ரெஜிபோமைச் சுரண்டுபவர்களைக் கண்டிருக்கிறோம். அடிபடும்போது நசுங்கி மண்டையைக் காப்பது அந்த ரெஜிபோம்தான். அதைச் சுரண்டவோ வெட்டவோ, ஹெல்மெற்றின் ஓட்டில் துளைபோடவோ கூடாது. ஐரோப்பாவின் புதிய ஹெல்மெற் தரமான ஈ.சி.ஈ. 22.06, ஹெல்மெற்றோடு வரும் துணைக்கருவிகளையும் பரிசோதனைக்குள் கொண்டுவந்திருக்கிறது. கிளிப்போடு வரும் கருவியானாலும் ஒட்டும் கருவியானாலும், ஹெல்மெற்றோடு வந்த கைநூலில் எங்கே பொருத்தலாம் என்று என்ன சொல்லியிருக்கிறது என்பதைப் பாருங்கள். புதிதாக ஹெல்மெற்றும் வாங்குவதாக இருந்தால், 22.06 என்ற எண்ணையும் ஸ்பீக்கர் பள்ளத்தையும் சேர்த்துப் பார்த்து எடுத்தால் பிறகு தலையிடி இல்லை.

காதடைப்பான் பற்றிச் சொன்னால் சிரிப்பார்கள். மருந்தகத்தில் விற்கும் சாதாரண ஸ்பொஞ் காதடைப்பானைப் போட்டுக்கொண்டு இன்ரர்கொம் சத்தத்தைக் கூட்டிவைத்தால், நெடுஞ்சாலையில் குரல் முன்னரைவிடத் தெளிவாகக் கேட்கிறது. அது காற்று இரைச்சலை வெகுவாக வெட்டிவிடுகிறது. குரலும் குறைகிறதுதான், ஆனால் அதைக் கூட்டலாம், காற்றைக் கூட்டவோ குறைக்கவோ எம்மால் முடியாது. எங்களுக்கும் முதலில் நம்பிக்கை இருக்கவில்லை. ஓட்டுபவர் இதைச் செய்யும்போது தம் நாட்டு விதியைப் பார்த்துச் செய்யவேண்டும். நகருக்குள் எங்களுக்கு இது தேவைப்படுவதில்லை. பாரிஸ் சுற்றுவட்ட வீதியிலும் 2024 ஒக்ரோபரிலிருந்து உச்ச வேகம் 50 என்பதால், அங்கே கருவி தானாகவே நன்றாகக் கேட்கிறது.

அடுத்தது, கதையைத் திறக்கும் முறை. சில கருவிகளில், நீங்கள் பேசத் தொடங்கினால் மட்டும் மைக் திறக்கும். பற்றரி மிச்சம், ஆனால் முதல் சொல் வெட்டுப்படும். ‘நிப்பாட்டு’ என்று சொன்னால் ‘பாட்டு’ என்றே கேட்கும். அதுவும் காற்றைக் குரல் என்று நினைத்துத் தானாகத் திறந்துகொள்ளும். பின்னுக்கு இருப்பவரோடு கதைக்க, ஒருமுறை அழுத்தினால் தொடர்ந்து திறந்திருக்கும் முறையே நல்லது. பேசாமல் இருந்தாலும் மூச்சுச் சத்தம் கேட்கும். எங்களைப் பொறுத்தவரை அந்த மூச்சுச் சத்தத்துக்காகத்தான் காசு கொடுத்தோம். அது சீராகி நீண்டு வந்தால் நித்திரை வருகிறது என்று அர்த்தம். உடனே கதை கொடுப்போம், அல்லது நிறுத்தி ஒரு கோப்பி.

போனை யாருடைய கருவியோடு இணைப்பது என்பதில் எங்களுக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு: பின்னுக்கு இருப்பவருடையதோடு. குளிர்காலத்தில் இங்கே இரவு ஒரு மணி என்றால் யாழ்ப்பாணத்தில் காலை ஐந்தரை. அம்மா எழும்பித் தேத்தண்ணி வைத்துவிட்டு எங்களுக்கு அழைக்கும் நேரம் அது. ஊரிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்காமல் விட எம்மில் யாருக்கு மனம் வரும்? நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். அந்த அழைப்பு ஓட்டுபவரின் காதுக்குப் போகக் கூடாது. பின்னுக்கு இருப்பவருக்கு வீதி தெரியும், சந்தி வந்தால் தானாகவே பேச்சை நிறுத்துவார். தொலைவில் இருப்பவருக்கு இது எதுவும் தெரியாது. ஜி.பி.எஸ் வழிகாட்டலும் அப்படியே. பின்னுக்கு இருப்பவர் கேட்டு, ‘அடுத்த வெளிவழி, வலது’ என்று தமிழில் சொல்வது, இயந்திரம் பிரெஞ்சில் இடையிடையே சொல்வதைவிட எங்களுக்கு வசதியாக இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மலிவுக் கருவிகளில் பல, போன் அழைப்பு வந்தவுடன் இன்ரர்கொம் தொடர்பைத் துண்டித்துவிடும். அழைப்பு முடிந்தபின் தானாகத் திரும்ப இணைகிறதா, மீண்டும் பொத்தானை அழுத்தவேண்டுமா என்று வாங்க முதல் கேளுங்கள். தானாக இணைவது பல யூரோ பெறுமதி.

இரண்டு கருவியும் ஒரே கொம்பனியாக இருக்கட்டும். வேறு வேறு கொம்பனிக் கருவிகளை இணைக்கலாம் என்று விளம்பரத்தில் இருக்கும். அது பொய்யல்ல. ஆனால் அப்படி இணையும்போது ஒரு கருவி மற்றதைப் போன் என்று நினைத்தே இணைகிறது. போனுக்குரிய இணைப்பு அதிலேயே செலவாகிவிடும், ஜி.பி.எஸ் வேலை செய்யாது, தரமும் குறையும். நண்பர் தந்த பழைய கருவி ஒன்றோடு புதிது ஒன்று வாங்கிச் சேர்க்க நினைப்பவர்கள் இதை யோசிக்கவேண்டும்.

பாட்டுப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஒரே பாட்டை இருவரும் கேட்கும் வசதி சிலவற்றில் உண்டு. கதையும் பாட்டும் ஒரே நேரத்தில் ஓடும்போது மலிவுக் கருவிகளில் பாட்டு பழைய தொலைபேசியில் கேட்பது போலாகிவிடும்.

பற்றரி பெட்டியில் 10 மணித்தியாலம் என்றால் தொடர்ந்து கதைத்தால் ஏழு, எட்டு என்று வையுங்கள். குளிரில் இன்னும் குறையும். கருவியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவரக்கூடிய கிளிப் நல்லது. குளிருக்கும் நல்லது, கள்ளருக்கும் வழியில்லை. மாதக்கணக்கில் பாவிக்காமல் விடுவதானால் பாதி சார்ஜில் வையுங்கள், வெறுமையாக விட்டால் லிதியம் பற்றரி செத்துவிடும். இப்படிப்பட்ட கருவிகள் பலவற்றில் பற்றரியை மாற்ற முடியாது. மழைக்கு, ‘நீர் எதிர்ப்பு’ என்ற சொல்லை நம்பாமல் எண்ணைப் பாருங்கள். ஐ.பி. 67 என்றால் தூசி புகாது, ஒரு மீற்றர் நீரில் அரை மணித்தியாலம் தாங்கும். எண்ணே போடாத கருவியை வேலைக்குப் போய்வருபவர் வாங்கவேண்டாம். மழை எங்களிடம் கேட்டு வருவதில்லை. பொத்தான்களை, தடித்த கையுறை போட்டுக்கொண்டு கடையிலேயே அழுத்திப் பாருங்கள். பிரான்சில் ஓட்டுபவருக்கும் பின்னுக்கு இருப்பவருக்கும் 2016 நவம்பரிலிருந்து கையுறை கட்டாயம், எனவே வெறும் விரலால் அழுத்திப் பார்ப்பதில் பயனில்லை.

எங்கே வாங்குவது? ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இருக்கும் விற்பனையாளரிடம் வாங்கினால் இரண்டு வருடச் சட்ட உத்தரவாதம் உண்டு. இணையத்தில் வாங்கினால், காரணம் சொல்லாமலே 14 நாட்களுக்குள் வேண்டாம் என்று சொல்லலாம். எங்கோ இருந்து நேரே அனுப்பும் விற்பனையாளரிடம் இந்த உரிமையைக் கேட்டுப் பெறுவது நடைமுறையில் கடினம். திருப்பி அனுப்பும் தபால் செலவே பொருளின் விலைக்கு வந்துவிடும். எங்கள் முதல் சோடியை நாங்கள் இழந்தது அப்படித்தான். ஆறாவது மாதம் ஒன்றின் சத்தம் நின்றது, எழுதிய மின்னஞ்சல்களுக்கு மன்னிப்புத்தான் வந்தது, காசு வரவில்லை. பாவித்த பொருள் வாங்குவதானால் கையில் எடுத்து, இரண்டு கருவியையும் போட்டு, கால் மணித்தியாலமாவது கதைத்துப் பாருங்கள். பற்றரி மூன்று வருடம் பழையது என்றால் விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள்.

வாங்கிய முதல் நாளே நெடுஞ்சாலைக்குப் போகாதீர்கள். வீட்டில், வேறு வேறு அறையிலிருந்து ஒரு தரம். பிறகு எஞ்சினைப் போட்டுவிட்டு நின்ற இடத்தில். பிறகு ஊருக்குள் 50இல், கடைசியாக 90இல். ஒவ்வொரு தடவையும் பின்னுக்கு இருப்பவர் ஒன்றிலிருந்து இருபது வரை எண்ணட்டும், ஓட்டுபவர் எந்த எண் கேட்கவில்லை என்று சொல்லட்டும். 90இல் இரண்டு மூன்று எண்ணுக்கு மேல் தவறினால் மைக்கையும் ஸ்பீக்கரையும் மாற்றி ஒட்டிப் பாருங்கள். இரண்டு முறை மாற்றியும் சரிவரவில்லை என்றால், 14 நாள் முடிய முதல் திருப்பி அனுப்புங்கள். பிள்ளைகளை ஏற்றுபவர்கள், பிள்ளையின் ஹெல்மெற்றில் சத்தத்தைத் தாங்களே போட்டுப் பார்த்து வையுங்கள். சின்னக் காதுக்கு ஸ்பீக்கர் நெருக்கமாக இருக்கும், பிள்ளை சத்தம் கூட என்று சொல்லாது, இன்னும் கூட்டச் சொல்லும்.

இவ்வளவுக்கும் பிறகு பழைய தட்டு முறையை நாங்கள் விடவில்லை. இடது தோளில் ஒரு தட்டு என்றால் மெதுவாக. இரண்டு தட்டு என்றால் நிறுத்து. முதுகில் உள்ளங்கையை வைத்து எடுக்காமல் இருந்தால், நித்திரை வருகிறது, கதை கொடு. பற்றரி முடிந்த இரவுகளில் இப்போதும் அதுதான்.